பிரதமரைக் காக்கும் எஸ்.பி.ஜி.யும் அதன் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரதமர் ஒரு நகரத்துக்கு வந்து போகும்போதும், ஒரு தலைவரின் பாதுகாப்பு குறைக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதும், சிறப்புப் பாதுகாப்புக் குழு எனப்படும் எஸ்.பி.ஜி. பற்றி ஒரே மாதிரியான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. இந்தப் படைக்கென 1988-இல் இயற்றப்பட்ட சட்டம் இதுவரை ஐந்து முறை திருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாருக்குப் பாதுகாப்பு போயிற்று, யாருக்கு வந்தது என்பது பேசப்பட்ட அளவுக்குச் சட்டத்தின் வாசகம் பேசப்படவில்லை. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எளியதிலிருந்து சிக்கலானதை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எஸ்.பி.ஜி. என்றால் கறுப்புப் பூனைப் படைதானே?

இல்லை. கறுப்புப் பூனைகள் என்று நாம் அழைப்பது தேசியப் பாதுகாப்புப் படையை, அதாவது என்.எஸ்.ஜி.யை. பணயக் கைதிகளை மீட்பது, பயங்கரவாதிகளை எதிர்கொள்வது ஆகியவையே அதன் முதன்மைப் பணி. அதற்கு 1986-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. முக்கியப் பிரமுகர்கள் சிலருக்கும் அந்தப் படையினர் நீண்ட காலம் காவல் இருந்ததால்தான் இந்தக் குழப்பம் வந்தது.

எஸ்.பி.ஜி.யின் வேலை ஒன்றே ஒன்றுதான்: சட்டம் குறிப்பிடும் நபரின் உடலருகே நின்று அவரைக் காப்பது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இயங்குகிறது. அதற்கென நேரடி ஆள்சேர்ப்பு கிடையாது. இந்தியக் காவல் பணி அதிகாரிகளும், மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற மத்தியப் படைகளைச் சேர்ந்தவர்களும் அயல்பணியில் வந்து, குறிப்பிட்ட காலம் பணியாற்றிவிட்டுத் தாய்ப் படைக்குத் திரும்புகிறார்கள்.

போலீஸ் இருக்கும்போது பிரதமருக்கு மட்டும் தனிப்படை எதற்கு?

1981 வரை பிரதமரின் இல்லப் பாதுகாப்பு டெல்லி போலீசின் பொறுப்பிலேயே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், பிரதமரைச் சுற்றி நிற்பதற்கும் வாகனத் தொடரில் உடன் செல்வதற்கும் உளவுத்துறை ஒரு சிறப்புக் குழுவை உருவாக்கியது. ஆனாலும் இல்லத்தின் காவல் டெல்லி போலீசிடமே இருந்தது. 1984 அக்டோபர் 31 காலையில், சப்தர்ஜங் சாலை இல்லத்திலிருந்து பக்கத்திலிருந்த அக்பர் சாலை அலுவலகத்துக்குத் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றுக்காக நடந்து சென்றுகொண்டிருந்த இந்திரா காந்தியை, இடையிலிருந்த சிறு வாயிலில் காவல் நின்ற ஓர் உதவி ஆய்வாளரும் ஒரு காவலருமே சுட்டுக் கொன்றார்கள். காக்க வேண்டிய துப்பாக்கியே திரும்பியதால், பணிக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது, அவரைத் தொடர்ந்து சரிபார்ப்பது, முழுப் பொறுப்பையும் ஒரே தலைமையிடம் ஒப்படைப்பது ஆகிய கேள்விகளைத் தள்ளிப்போட முடியாமல் போயிற்று.

1985 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட பீர்பல் நாத் குழு, இதற்கெனத் தனிப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மார்ச் மாத இறுதியில் 819 பணியிடங்களோடு அந்தப் பிரிவு உருவாகி, ஏப்ரலில் எஸ்.பி.ஜி. என்று பெயர் பெற்றது.

அப்படியானால் 1985 முதல் 1988 வரை சட்டமே இல்லாமலா இயங்கியது?

ஆம், அந்த மூன்று ஆண்டுகளும் அது அரசின் நிர்வாக ஆணையால் மட்டுமே இயங்கியது. ஓர் ஆயுதப் படையை அப்படி நெடுங்காலம் நடத்துவது சரியல்ல. படை வீரருக்கு என்ன கட்டுப்பாடு, மாநில அரசு அவருக்கு எந்த அளவுக்கு உதவ வேண்டும், நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்பவற்றுக்கெல்லாம் ஆணையில் உறுதியான விடை கிடைக்காது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இவை அனைத்துக்கும் விடை சொன்னது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி, நெருக்கப் பாதுகாப்பு என்பதற்கு அது தரும் வரையறை. சாலை, ரயில், விமானம், படகு, நடை என எந்த வழியில் பயணித்தாலும், நிகழ்ச்சி நடக்கும் இடத்திலும் தங்கும் இடத்திலும், ஆளைச் சுற்றி நிற்கும் வளையம், கூட்டத்தைப் பிரித்து நிறுத்தும் தடுப்பு, மேடை, அவரை யார் அணுகலாம் என்ற கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அந்த வரையறைக்குள் வருகின்றன. மத்திய, மாநில அரசுத் துறைகளும், உள்ளாட்சி அமைப்புகளும், வெளிநாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்களும் எஸ்.பி.ஜி. கேட்கும்போது உதவ வேண்டியது கடமை என்று 14-ஆம் பிரிவு கூறுகிறது. பின்னால் வரும் பஞ்சாப் பற்றிய கேள்விக்கு இந்தப் பிரிவு தேவைப்படும்.

ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்திக்கு எஸ்.பி.ஜி. ஏன் இல்லை?

1988-ஆம் ஆண்டுச் சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரையும் அவருடைய நெருங்கிய குடும்பத்தினரையும் மட்டுமே குறிப்பிட்டது. முன்னாள் பிரதமர் என்ற சொல்லே அதில் இடம்பெறவில்லை. 1989 டிசம்பரில் ராஜீவ் காந்தி பதவியை விட்டு இறங்கியதும் அவர் சட்டத்தின் எல்லைக்கு வெளியே போனார், வி.பி. சிங் ஆட்சிக் காலத்தில் அவருக்கான எஸ்.பி.ஜி. விலக்கப்பட்டது. இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்பியது முதல், பிரதமராக அவர் எடுத்த முடிவுகளால் அவருக்கு மூண்ட பகை, பதவி போனவுடன் தானாகப் போய்விடவில்லை.

1991 மே 21 இரவு நடந்ததை மேலே சொன்ன வரையறையோடு பொருத்திப் பாருங்கள். தேர்தல் கூட்ட மைதானத்தில் மேடையை நோக்கி அவர் நடந்து வருகிறார். வழியில் மாலைகளோடும் துண்டுகளோடும் மக்கள் நெருங்குகிறார்கள். அவர்களில் ஒருத்தி மாலை அணிவித்து, காலைத் தொட்டு வணங்குவதுபோலக் குனிந்து, உடலில் கட்டியிருந்த வெடியை இயக்குகிறாள். அணுகுவோரைக் கட்டுப்படுத்துவது, ஆளைச் சுற்றி வளையம் அமைப்பது, கூட்டத்தைப் பிரித்து நிறுத்துவது என வரையறை அடுக்கிச் சொன்ன ஒவ்வொன்றும் அந்தச் சில அடி தூரத்தில் இல்லாமல் போயிருந்தது. ராஜீவோடு காவல் பணியில் இருந்தவர்களும் கட்சித் தொண்டர்களும் உயிரிழந்தார்கள். அவர்களையும் நாம் மறக்கக் கூடாது.

பாதுகாப்புக் குறைபாடுகளை ஆராய நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. எஸ்.பி.ஜி. விலக்கப்பட்டபோது அதற்கு ஈடான மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை என்பதை அது குறையாகப் பதிவு செய்தது. சட்டத்தில் இடமில்லை என்பதற்காகப் படையை விலக்கியதுகூட விளங்கிக்கொள்ளக் கூடியதே. அந்த இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சட்டம் எப்படியெல்லாம் மாறியது?

1991, 1994, 1999, 2003, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்கள் வந்தன. படுகொலைக்குச் சில மாதங்களுக்குப் பின் வந்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தம், முன்னாள் பிரதமர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் முதன்முறையாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இவற்றுள் கவனமாகப் படிக்க வேண்டியது, வாஜ்பாய் ஆட்சியில் வந்த 2003-ஆம் ஆண்டுத் திருத்தம். பதவி விலகிய நாளிலிருந்து ஓராண்டு எஸ்.பி.ஜி. பாதுகாப்பு உறுதி, அதன் பிறகு அச்சுறுத்தலின் அளவைப் பொறுத்து மத்திய அரசு நீட்டிக்கலாம் என்று அது விதித்தது. அந்த அச்சுறுத்தல் கடுமையானதாகவும் தொடர்ந்து நீடிப்பதாகவும் இருக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டுக்கும் அடுத்த மதிப்பீட்டுக்கும் இடையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் செல்லக் கூடாது.

பாதுகாப்பு பெறுபவரின் தகுதியிலிருந்து அவரைச் சூழ்ந்திருக்கும் ஆபத்துக்குச் சட்டத்தின் பார்வையைத் திருப்பியது இந்தத் திருத்தம்தான். நரசிம்ம ராவ், தேவகவுடா, குஜ்ரால் ஆகிய முன்னாள் பிரதமர்களுக்கான எஸ்.பி.ஜி. வாஜ்பாய் காலத்தில்தான் விலக்கப்பட்டது. வாஜ்பாய்க்கோ 2018-இல் அவர் மறையும் வரை அது தொடர்ந்தது.

2019 திருத்தம் சரியாக என்ன மாற்றியது?

முதலாவதாக, பதவியிலுள்ள பிரதமரின் குடும்பத்தினருள் அவருடைய அதிகாரப்பூர்வ இல்லத்தில் அவரோடு வசிப்பவர்களுக்கு மட்டுமே எஸ்.பி.ஜி. உண்டு. இரண்டாவதாக, முன்னாள் பிரதமருக்கும், அவருக்கு ஒதுக்கப்பட்ட இல்லத்தில் அவரோடு வசிக்கும் நெருங்கிய குடும்பத்தினருக்கும், பதவி விலகிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் மட்டுமே. மூன்றாவதாக, முன்னாள் பிரதமரிடமிருந்து பாதுகாப்பு விலக்கப்பட்டால் குடும்பத்தினரிடமிருந்தும் விலக்கப்படும். 2003-இல் வந்த ஆண்டுதோறும் மதிப்பீடு என்ற ஏற்பாடு இந்த மாற்றத்தில் மறைந்துபோனது.

முன்னாள் பிரதமர்களுக்கும் குடும்பத்தினருக்கும் கால வரம்பு இல்லாததால் பாதுகாப்பு பெறுவோர் எண்ணிக்கை பெருகி, படையின் ஆள்பலம், பயிற்சி, கட்டமைப்பு ஆகியவை நெருக்கடிக்கு உள்ளாகும், பதவியிலுள்ள பிரதமரைக் காக்கும் முதன்மைப் பணி பாதிக்கப்படும் என்பது அரசு சொன்ன காரணம். மசோதா நவம்பர் 27-இல் மக்களவையிலும் டிசம்பர் 3-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள்.

சோனியா காந்தி குடும்பத்தின் பாதுகாப்பைப் பறிக்கத்தானே அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள்?

தேதிகளைப் பார்த்தால் அப்படிச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மன்மோகன் சிங்குக்கான எஸ்.பி.ஜி. 2019 ஆகஸ்டிலும், சோனியா காந்தி, ராகுல் காந்தி, பிரியங்கா காந்தி ஆகியோருக்கானது நவம்பர் 8-இலும் விலக்கப்பட்டன. மசோதா மக்களவையில் அறிமுகமானது நவம்பர் 25-இல். ஆகவே இரண்டு விலக்கல்களும் பழைய சட்டத்தின் கீழ், அச்சுறுத்தல் மதிப்பீட்டின் பெயரில் நடந்தவை. விலக்குவதற்குத் திருத்தம் தேவைப்படவே இல்லை.

ஆனால் திருத்தம் வேறொன்றைச் செய்தது: விலக்கப்பட்ட பாதுகாப்பை, அச்சுறுத்தல் கூடினாலும் அதே சட்டத்தின் கீழ் மீண்டும் வழங்க முடியாதபடி கதவை அடைத்தது. 1991 முதல் 28 ஆண்டுகள் எஸ்.பி.ஜி. வளையத்துக்குள் இருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய முடிவும், அதற்கான சட்ட மாற்றமும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து வந்ததால் ஐயம் எழுந்தது இயல்பே. முந்தைய திருத்தங்கள்தாம் ஒரே குடும்பத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா வாதிட்டார். எதிர்க்கட்சிகள் இதை அரசியல் பழிவாங்கல் என்றன. என் கருத்தில், மதிப்பீட்டை யார் செய்தார்கள், எந்த அடிப்படையில் செய்தார்கள் என்பது அவைக்கு வெளியே ஒரு நடுநிலையான அமைப்பின் பார்வைக்காவது சென்றிருந்தால் இந்தச் சண்டையில் பாதிக்கு இடமிருந்திருக்காது.

இப்போது அவர்களுக்குப் பாதுகாப்பே இல்லையா?

இருக்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் இசட் பிளஸ் வகைப் பாதுகாப்பு அளிக்கிறார்கள். எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்ற வகைகளை, உளவுத்துறையின் மதிப்பீட்டைக் கொண்டு உள்துறை அமைச்சகம் முடிவு செய்கிறது. எஸ்.பி.ஜி.க்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் உண்டு. இந்த வகைகள் நிர்வாக வழிகாட்டுதல்களின்படியே இயங்குகின்றன. எனவே ஒருவரை எஸ்.பி.ஜி.யிலிருந்து இசட் பிளஸுக்கு மாற்றுவது, அவரைச் சட்டத்தின் உறுதியிலிருந்து அரசின் விருப்புரிமைக்கு மாற்றுவதாகும். களத்தில் நிற்கும் வீரர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உரிமையின் தன்மை மாறுகிறது என்பதையே சொல்கிறேன்.

குடியரசுத் தலைவர், முதலமைச்சர்களுக்கெல்லாம் எஸ்.பி.ஜி. வராதா?

வராது. சட்டத்தில் அவர்கள் இடம்பெறவில்லை. அவர்களுக்கான ஏற்பாடுகள் தனி. தமிழ்நாட்டு முதலமைச்சரின் நெருக்கப் பாதுகாப்பை மாநிலக் காவல்துறையின் கோர் செல் பிரிவு கவனிக்கிறது.

ஒரே ஒருவரைக் காக்க 500 கோடிக்கு மேலா?

2019-20 நிதியாண்டில் எஸ்.பி.ஜி.க்குச் சுமார் 540 கோடி ரூபாயும், அடுத்த ஆண்டு சுமார் 592 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. வேறு சிலரையும் காத்த படை பிரதமர் ஒருவரை மட்டும் காக்கத் தொடங்கிய பிறகும் ஒதுக்கீடு கூடியதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். இது நியாயமான கேள்விதான்.

செலவின் பெரும்பகுதி ஆட்களின் எண்ணிக்கையோடு நேராக ஏறி இறங்குவதில்லை என்பது இதற்கு ஒரு பகுதி விடை. பிரதமர் செல்லும் ஒவ்வோர் ஊருக்கும் முன்கூட்டியே ஒரு குழு போய், மாநிலக் காவல், உளவுத்துறை, மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றோடு அமர்ந்து, பாதை, மாற்றுப் பாதை, மேடை, மருத்துவமனை என ஒவ்வொன்றையும் பேசி முடிக்கிறது. இவ்வளவும் ஒருவருக்காக நடந்தாலும் செய்தே தீர வேண்டியவை. ஆனால் ஆள்பலமும் கட்டமைப்பும் போதவில்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சட்டத்தைத் திருத்திய அரசு, திருத்தத்துக்குப் பின் அந்த நெருக்கடி எந்த அளவுக்குக் குறைந்தது என்பதை நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பஞ்சாபில் பிரதமரின் கார் பாலத்தில் நின்றதே, அது எஸ்.பி.ஜி.யின் தவறா, மாநிலப் போலீசின் தவறா?

2022 ஜனவரி 5 அன்று, வானிலை சரியில்லாததால் பதிண்டாவிலிருந்து ஹுசைனிவாலா நினைவிடத்துக்கு ஹெலிகாப்டரில் செல்லாமல் பிரதமர் சாலை வழியே சென்றார். பெரோஸ்பூர் அருகே ஒரு மேம்பாலத்தில், போராட்டக்காரர்கள் வழியை மறித்ததால் வாகனத் தொடர் 15 முதல் 20 நிமிடங்கள் அசையாமல் நின்றது. பிறகு திரும்பிச் சென்றது.

உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா தலைமையில் குழு அமைத்தது. போதிய காவலர்கள் இருந்தும், பாதை மாற்றம் முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தும், பெரோஸ்பூர் மாவட்டத்தின் மூத்த காவல் கண்காணிப்பாளர் கடமையில் தவறினார் என்று அந்தக் குழு கண்டறிந்தது. உடலருகே எஸ்.பி.ஜி.; அதற்கு வெளியே சாலையும் கூட்டமும் மாநிலப் போலீஸ். புளூ புக் எனப்படும் உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுநூல் பிரித்திருக்கும் பொறுப்பு இதுதான். மேலே குறிப்பிட்ட 14-ஆம் பிரிவு உதவியைக் கடமையாக்கினாலும், மத்தியில் ஒரு கட்சியும் மாநிலத்தில் இன்னொரு கட்சியும் ஆளும்போது, தவறுக்கு யார் பொறுப்பு என்பது உடனே தேர்தல் பேச்சாக மாறிவிடுகிறது. அன்று உண்மையை நிதானமாகக் கண்டறிய ஒரு நீதிமன்றக் குழு தேவைப்பட்டது. அப்படி விசாரிப்பதற்கான நிலையான அமைப்பு சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாமா?

2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் விலக்களிக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் எஸ்.பி.ஜி.யும் இருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் தொடர்பானவற்றை மட்டுமே கேட்க முடியும்.

மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் அனுபவம் நமக்கு நேராகப் பயன்படும். அங்கே முன்னாள் அதிபர்களுக்கு வாழ்நாள் பாதுகாப்பு இருந்தது. 1997-க்குப் பிறகு பதவியேற்போருக்குப் பத்து ஆண்டுகள் மட்டுமே என்று 1994-இல் சட்டம் செய்தார்கள். பத்து ஆண்டு வரம்பு எவர் மீதும் செயலுக்கு வருவதற்கு முன்பே, 2013 ஜனவரியில் வாழ்நாள் பாதுகாப்பை மீட்டார்கள். இடையில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து, அச்சுறுத்தல் பற்றிய கணக்கே மாறியிருந்தது.

2024 ஜூலையில் பட்லர் நகரக் கூட்டத்தில் டொனால்டு டிரம்ப் மீது துப்பாக்கிச்சூடு நடந்த பத்தாம் நாள், அங்கே அதிபர்களைக் காக்கும் அமைப்பான சீக்ரெட் சர்வீஸின் இயக்குநர் பதவி விலகினார். அதிபர் வேட்பாளர்களுக்கும் பதவியிலுள்ள அதிபருக்கு இணையான அளவுகோலில் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்ற மசோதாவைப் பிரதிநிதிகள் சபை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. அக்டோபரில் அது சட்டமானது. பாதுகாப்பு அமைப்பின் தலைவரை மக்கள் பிரதிநிதிகள் பகிரங்கமாக அழைத்து விசாரித்ததும், இரு கட்சிகளும் ஒரே பக்கம் வாக்களித்ததும் நம் நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டியவை.

பதவி போய் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு முன்னாள் பிரதமருக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது?

பாகிஸ்தானின் பெனசிர் பூட்டோ 1996-இல் பிரதமர் பதவியை இழந்தார். 2007 டிசம்பரில், பதினோரு ஆண்டுகளுக்குப் பின், ராவல்பிண்டித் தேர்தல் கூட்டத்திலிருந்து வெளியேறும்போது கொல்லப்பட்டார். ஜப்பானின் ஷின்சோ அபே பதவி விலகி இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2022 ஜூலையில் நாரா நகரில் சாலையோரப் பிரசாரத்தில் சுடப்பட்டு இறந்தார். நம் நாட்டிலேயே, அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த புளூ ஸ்டார் நடவடிக்கையின்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வைத்யா, ஓய்வுபெற்ற பிறகு 1986 ஆகஸ்டில் புனேயில் கொல்லப்பட்டார். ஐந்து ஆண்டு வரம்பு அபே போன்றவரைக் காத்திருக்கும். பெனசிர் போன்றவரைக் காத்திராது.

வரம்பே வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக அரசுப் படையின் நடுவே வாழ்வது குடியரசுக்குப் பொருந்தாது என்ற 2019-ஆம் ஆண்டு வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்து ஆண்டுகளை உறுதியான அடித்தளமாக வைத்து, அதன்மேல் 2003-ஆம் ஆண்டின் ஆண்டு மதிப்பீட்டையும் சேர்த்திருந்தால் இரண்டு நோக்கமும் நிறைவேறியிருக்கும்.

அந்த மதிப்பீட்டைச் செய்வதும் ஆளுங்கட்சியின் அரசுதானே? எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆபத்து இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால்?

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி இது. 2003-ஆம் ஆண்டின் ஏற்பாட்டிலும் இந்தக் குறை இருந்தது: அச்சுறுத்தலைக் கணிப்பதும் அரசு, பாதுகாப்பு தருவதும் அரசு, விலக்குவதும் அரசு. மறுப்புக்கு ஆளானவர் முறையிட இடமில்லை. நீதிமன்றம் போனாலும் உளவுத் தகவலின் உள்ளே புகுந்து பார்க்க நீதிபதிகள் தயங்குவார்கள்.

உளவுத் தகவலை ஊரறிய வெளியிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், இந்தப் பணியில் அனுபவமுள்ள ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர், அரசும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் மூன்றாவது உறுப்பினர் ஒருவர் என ஒரு சிறு குழு, மூடிய அறையில் மதிப்பீட்டு அறிக்கையைப் படித்து, முடிவுக்கான காரணத்தை எழுத்தில் பதிந்தால் போதும். ஒருவருக்கான பாதுகாப்பைக் குறைக்கும் எந்த ஆணையும், மாற்று ஏற்பாடு களத்தில் வந்து சேர்ந்து பொறுப்பேற்றுக்கொண்டதாகக் கையொப்பம் இடப்பட்ட பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 1991-இல் வர்மா ஆணையத்தின் முன் வந்த குறை அந்த ஒரு வரி இல்லாததால் நேர்ந்தது. ஆறாவது திருத்தம் எப்போது வந்தாலும், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், நான் முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.